இரண்டு மெகாஹெர்ட்ஸ்

நெற்றிப்பொட்டில், காதுக்குச் சற்று முன்னால்
எலும்பு மெலிந்த ஒரு சன்னல் உண்டு.
எல்லாருக்கும் இல்லை.
பத்துப் பேரில் ஒருத்திக்கு அது மூடியே கிடக்கும்.
பயிற்சி வகுப்பில் என் தலையில் கருவி வைத்தவர்கள்
ஒன்றும் கேட்கவில்லை என்று கையை உதறினார்கள்.

லோஜினிக்குத் திறந்திருந்தது.
களிம்பு தடவி, அழுத்தி,
மயிரிழை மயிரிழையாகச் சாய்த்தேன்.
ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில்
அவளுடைய தமனி பிடிபட்டது.
பக்கத்து வீட்டில் யாரோ
ஈரத்துணி உதறுகிற சத்தம்.
உதறி முடியாத துணி.

க்ளேட்டனில் நவம்பர்.
வடக்குக் காற்று புல்லின் மகரந்தத்தை
ரயில் பாதை நெடுக வாரிக்கொண்டு வருகிறது.
எனக்கு மூக்கு ஒழுகியது.
மாத்திரையை மாலைக்குத் தள்ளி வைத்திருந்தேன்,
தூக்கம் வரவழைக்கிற பழைய வகை அது.
அது எதைத் தடுக்குமோ
அதுதான் இப்போது
லோஜினியின் முழங்கை நரம்பில் இறங்குகிறது.
ஹிஸ்டமின்.
இறங்கினால்.
வெறும் உப்புநீராகவும் இருக்கலாம்.
எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது,
கீழ்த்தளத்து அலமாரியில்
ஒட்டிய உறை ஒன்றுக்குத் தெரியும்.

"இண்டைக்குத் தண்ணியோ, மருந்தோ அக்கா?"
"எனக்கெப்பிடித் தெரியும்."
சொன்னபோது அது உண்மை.

நாலாவது நிமிடம் ஒலி தாழ்ந்தது.
ஓடிவந்தவள் நடக்கத் தொடங்கியதுபோல.
திரையில் அறுபத்தெட்டு,
அறுபத்துநாலு,
ஐம்பத்தொன்பது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள்
இங்கேதான் சறுக்குவார்கள்.
வேகம் குறைந்தால் இரத்தம் குறைந்தது என்பார்கள்.
அப்படியில்லை.
தோட்டத்துக் குழாயின் வாயை அழுத்திய பெருவிரலை
எடுத்துவிட்டுப் பாருங்கள்.
அதே தண்ணீர்தான்.
பீய்ச்சல் மட்டும் போய்விடும்.
தமனி அகன்றுவிட்டது, அவ்வளவுதான்.

அவள் முகம் அதற்குப் பிறகுதான் சிவந்தது,
காது மடலில் தொடங்கிக் கழுத்துவரை.
ஒருத்தியின் தலைக்குள் நடப்பதை
அவளுக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே தெரிந்துகொண்டு
சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க
எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

"எத்தனை?"
"மூண்டு."
பூச்சியம் முதல் பத்துவரை உள்ள கோட்டில்
மூன்றில் ஒரு கீறல் போட்டேன்.

சொட்டு நின்றதும் அந்த வலி போய்விட்டது.
பிஸ்கட் தின்றாள்,
இஞ்சித் தேநீரில் நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.
டண்டினோங்கில் பாண் அடுக்குகிற வேலை,
இன்றிரவு விடுப்பு எடுத்திருக்கிறாளாம்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்று வரும்.
கையெழுத்திடும்போதே அவளுக்குத் தெரியும்.
ஐந்து மணி நேரம் கழித்து,
இரத்தத்தில் மருந்து ஒரு துளி மிச்சமில்லாதபோது,
நாங்கள் களிம்பைத் துடைத்து
விளக்கணைத்துப் போனபின் வருவது.
அதன் சத்தத்தை நான் கேட்டதேயில்லை.
அது அவளுடைய சொந்த வலி,
பதினாலு வயதிலிருந்து அவளோடு இருப்பது.
நாங்கள் கதவைத் தட்டிவிட்டு வந்தோம்.

ஊசியில் இறக்கிய மருந்து மூளைக்குள் நுழையாது,
குழாயின் சுவரோடு நின்றுவிடும்.
சுவருக்கு அந்தப்புறம்
மூளை தனக்கென்று கொஞ்சம் ஹிஸ்டமின்
தானே காய்ச்சிக்கொள்கிறது,
கண்ணை மூடாமல் இருப்பதற்கு.
என் பழைய மாத்திரைக்கு அந்தச் சுவர் ஏற வரும்.
ஆறரைக்குப் போட்டேன்,
ஏழுக்குச் சோபாவிலேயே சாய்ந்துவிட்டேன்.

ஆய்வுக்கூடத்துக் கைபேசி என் பையில் இருந்தது.
மூன்று முறை அடித்து ஓய்ந்திருக்கிறது.
விழித்தபோது ஒரு செய்தி.
இருட்டில், ஒற்றைக் கண்ணால் தட்டியிருக்க வேண்டும்,
பாதி எழுத்துக்குப் புள்ளியே இல்லை.

எட்டு.
இரண்டு தரம் சத்தி.
அக்கா, முகத்தை வைச்சிருக்கப் பழகுங்கோ,
நாலாம் நிமிசமே பிடிச்சிட்டன்.

படிவத்தில் எட்டு என்று எழுதினேன்.
குறிப்பு என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து
எடுத்தேன்.